சின்னம்மா வீட்டு ரோடும் மலைமேல் ரோடும்

திருப்பத்தூர் என்று சொன்னவுடன், "பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்து ஊரா?" என்று கேட்காதீர்கள். அது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். நான் போய் வந்தது வடக்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்பத்தூர். என் சின்னம்மாவின் ஊர்.

நான் பாவாடை கட்டிய நாளில், பரீட்சை லீவு விட்டதும் அண்ணனையும் என்னையும் அம்மா அங்கே அனுப்பிவிடுவாள். ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி. வாணியம்பாடி ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் தலைக்கு மேலே கை கோத்து நிற்கும். சித்திரை வெயிலிலும் அந்த ரோட்டில் நிழல் இருக்கும். கீழே உதிர்ந்த புளியம்பழத்தைப் பொறுக்கப் போகிறேன் என்று வண்டி நகரும்போதே குதித்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதெல்லாம் உண்டு. சின்னம்மா வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து பத்து எட்டு வைத்தால் எதிர்வீடு. அங்கே ஒரு பாய் குடும்பம். அந்த வீட்டம்மாவும் சின்னம்மாவும் ஒரே வருஷம் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தவர்கள். ரம்ஜான் மாதம் நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் வரும். பொங்கலன்று தூக்குப் பாத்திரம் அந்தப் பக்கம் போகும். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இரண்டு வீட்டிலும் கிடையாது.

சின்னம்மாவுக்கு இப்போது 76 வயது. முழங்கால் வலி என்று போனில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, ஒரு வாரம் கூட இருந்துவிட்டு வரலாம் என்று சென்னையில் பஸ் ஏறினேன். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. முன்பெல்லாம் ஒரு முழுப் பகலும் பிடிக்கும் பிரயாணம் இது. வாணியம்பாடியில் இறங்கித் திருப்பத்தூர் பஸ்ஸுக்கு மாறினேன். சேலம் வரை போகிற இந்த ரோடு இப்போது தேசிய நெடுஞ்சாலை 179ஏ. வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் நாலு வழியாக்கிவிட்டார்கள். புளியமரங்களைக் காணோம்.

கண்டக்டர் சின்னம்மா வீட்டுக்கு நேரே, ஆனால் எதிர்ச்சாரியில் இறக்கிவிட்டார். மொட்டை மாடியில் சின்னம்மா நின்று கையை ஆட்டுகிறாள். நானும் ஆட்டுகிறேன். நடுவில் இரண்டு வழி, ஒரு தடுப்புச் சுவர், மறுபடி இரண்டு வழி. சுவரில் எங்கே இடைவெளி என்று பெட்டிக்கடையில் கேட்டால், "அதோ, அந்தக் கல்யாண மண்டபத்தைத் தாண்டிப் போங்கம்மா" என்றார்கள். கையில் பெட்டியோடு அரைக் கிலோமீட்டர் போய், லாரி ஓய்கிற நேரம் பார்த்துக் குறுக்கே ஓடி, மறுபடி அரைக் கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.

"வூட்டைப் பார்த்துட்டே, வந்து சேர்றதுக்கு இவ்ளோ நேரமாடி?" என்று சிரித்தாள் சின்னம்மா. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் அந்தப் பக்கம் போய் ஒரு வருஷமாவுது. இந்தக் காலை வெச்சுக்கினு அவ்ளோ தூரம் எங்க நடக்கறது? அவளுக்கு ஷுகர், கண்ணும் மங்கல். ரெண்டு பேரும் மாடியில நின்னு கை காட்டிக்கறோம். பேசணும்னா போன்" என்றாள்.

பத்து எட்டு தூரத்தில் இருக்கிற சிநேகிதியோடு போனில் பேசுகிறார்களாம்! எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

திருப்பத்தூருக்குப் பெரிய ஊர் என்ற அந்தஸ்து புதிதல்ல. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கும்பினியார் கைக்கு வந்ததும், கலெக்டராக வந்த அலெக்ஸாண்டர் ரீடு இந்த ஊரில்தான் இருந்தார். பிறகு சேலம் மாவட்டத்தில் ஒரு தாலூகா. 1911-ல் வட ஆற்காட்டுக்கு மாற்றினார்கள். அப்புறம் ரொம்ப காலம், கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் வேலூருக்குத்தான் போகவேண்டும். விதவைப் பென்ஷன் விஷயமாகச் சின்னம்மா மூன்று தரம் விடியற்காலை பஸ் பிடித்துப் போய், ராத்திரி திரும்பியிருக்கிறாள். 2019 நவம்பர் 28-ஆம் தேதி திருப்பத்தூர் தனி மாவட்டமானது. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி எல்லாம் இதில் அடக்கம். இப்போது மனுக் கொடுக்க ஷேர் ஆட்டோவில் போய், சமையல் நேரத்துக்குள் திரும்பிவிடலாம். இது நல்ல காரியம். பெண்பிள்ளைகளுக்கு ரொம்ப நல்ல காரியம்.

மாவட்டம் வந்ததும் மனையும் வந்தது. வேர்க்கடலை விளைந்த கொல்லையில் கலர் அடித்த கல்லும் கொடியும் நட்டு, ஏதாவது ஒரு 'நகர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் புது வீடு. ஜனங்கள் பெருகிவிட்டார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இப்போதைய மாவட்ட எல்லைக்குள் 11 லட்சம் பேருக்கு மேல். அதற்கு அடுத்த கணக்கு தள்ளிக்கொண்டே போய் 2027 என்று அறிவித்தார்கள். ஆனால் சகோதரிகளே, நம்மில் யார் வீட்டில் இப்போது நாலு குழந்தை? 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான். ஜனத்தொகை அப்படியே நிற்கவேண்டுமானால்கூட 2.1 வேண்டும் என்கிறார்கள். பின்னே வீடுகள் ஏன் பெருகின? சின்னம்மா வீட்டுக் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஐந்து பிள்ளைகள், ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் வளர்ந்தார்கள். இன்று அந்த ஐவருக்கும் ஐந்து வீடு. பேரன் பேத்தி ஏழே பேர். இது போதாதென்று ஆம்பூர் தோல், செருப்புக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகக் கிராமத்தை விட்டு வந்தவர்கள், புது ஆபீஸ்களில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் எல்லாரும் டவுனைச் சுற்றித்தான் குடியேறுகிறார்கள்.

காலை ஆறு மணிக்கு மாடியில் நின்று பார்த்தேன். கையில் சாப்பாட்டுக் கூடையோடு கம்பெனி வேனுக்காகப் பெண்கள் ரோட்டைக் கடக்கிறார்கள். கல்யாண மண்டபம் வரை யார் நடப்பது? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தடுப்புச் சுவரின் மேலே ஏறிக் குதிக்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2023 செப்டம்பரில் நாட்றம்பள்ளி அருகே பெங்களூர் நெடுஞ்சாலையில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கர்நாடகத்துக்குச் சுற்றுலா போய்த் திரும்பிய வேன் நடுவழியில் பழுதாகி நின்றது. இறங்கி ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் ஏழு பெண்கள், பின்னால் வந்த லாரி வேனில் மோதியதில் இறந்துபோனார்கள். இரவில் அந்த ரோட்டில் வண்டி நின்றால் ஒதுங்கி உட்கார இடம் எங்கே இருக்கிறது? தயவுசெய்து தடுப்புச் சுவர் பக்கம் மட்டும் போகாதீர்கள். எல்லாரையும் இறக்கி, ரோட்டை விட்டே விலகி, ஓரத்து மண்ணில் தள்ளி நிற்க வையுங்கள்.

மறுநாள் சின்னம்மா, "மலைச் சாமை வாங்கியாடி, கடையில விக்கறது வாயிலயே வெக்க முடியல" என்றாள். ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். ஆலங்காயம் வரை சமவெளி. அதற்கப்புறம் மலை ஏற்றம். காற்று சட்டென்று மாறிவிடுகிறது. ஆலங்காயத்தில் ஒரு மலையாளிப் பெண் கோணிப் பையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். (மலையாளி என்றால் கேரளத்தவர் அல்ல, மலையில் வாழ்கிறவர்கள் என்று பொருள். ஜவ்வாது மலைப் பழங்குடியினர், தமிழ்தான் பேசுகிறார்கள்.) ஐம்பது வயதிருக்கும். பேச்சுக் கொடுத்தேன்.

"எந்த ஊரும்மா?"

"மேலக்கா. பஸ்ஸு நிக்கற எடத்துல எறங்கி, உள்ள நடக்கணும். மழை வந்தா ஓடையில தண்ணி போவும், அப்ப நடக்கவும் முடியாது."

"ஆலங்காயத்தில் என்ன வேலை?"

"பொண்ணு முழுவாம இருக்குது. ஒம்போது மாசம். அங்க சொந்தக்காரங்க வூட்ல வுட்டுட்டு வரேன். வலி எடுத்தப்புறம் தூக்கிக்கினு வர முடியுமா? மொத புள்ளைக்கு ராத்திரியில கம்புல போர்வை கட்டித் தூக்கியாந்தோம். பாதி வழியிலேயே பொறந்துடுச்சு."

"குழந்தை?"

"நல்லாக்குது. அஞ்சு வயசு" என்று சிரித்தாள். எனக்குத்தான் மூச்சு வந்தது.

அவள் செய்தது சரியான காரியம். மலைப் பகுதியில் இருக்கும் சில அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க அறையே வைத்திருக்கிறார்கள். நாள் நெருங்குமுன் இறங்கி வந்துவிடுவதுதான் உத்தமம். 108 வண்டி ரோடு உள்ள வரைதானே வரும்?

பிரசவமாவது தேதி சொல்லிவிட்டு வருகிறது. பாம்பு அப்படி வருமா? இதே ஜவ்வாது மலைத் தொடரில், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. ரோடில்லாத மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. திரும்புகையில் ஆம்புலன்ஸ் அடிவாரத்துக்கு மேல் ஏற வழியில்லை. இறந்த குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு தாய் மலை ஏறினாள். பத்திரிகையில் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரோடு போட என்ன தடை என்றால் காடு என்பார்கள். காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழையும் காற்றும் அதனால்தான். ஆனால் 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால் ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. சின்னம்மா வீட்டு ரோட்டில் புளியமரங்கள் விழுந்தபோது யாராவது இப்படி ஒன்று, இரண்டு என்று எண்ணினார்களா என்று தோன்றியது. கீழே குறுக்கே போக முடியாத அகலத்துக்கு ரோடு. மேலே ஒற்றை வண்டி போகிற ரோட்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பு. இரண்டும் ஒரே மலையின் இரண்டு பக்கம்.

காவலூரைத் தாண்டும்போது மரங்களுக்கு மேல் வானாராய்ச்சி நிலையத்தின் வெள்ளைக் கூண்டுகள் தெரிந்தன. 1960-களில் வைணு பாப்பு என்ற விஞ்ஞானி இருட்டான வானத்தைத் தேடி இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். வைணு பாப்புவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கீழே ஊரும் விளக்கும் பெருகப் பெருக வெளிச்சம் வானத்தில் ஏறி, மங்கலான நட்சத்திரங்கள் மறைந்துபோகும். பக்கத்திலிருந்த பெண் அந்தக் கூண்டுகளைக் காட்டி, "அங்க போற ரோடு மட்டும் நல்லாக்குதுக்கா" என்றாள்.

அவளே தன் பையிலிருந்து இரண்டு படி சாமை அளந்து கொடுத்தாள். காசு வாங்க ரொம்பக் கூச்சப்பட்டாள். "ஒரு பங்கு சாமைக்கு ரெண்டரை பங்கு தண்ணி வெய்யிக்கா. கொதிச்சப்புறம் போட்டு, தணல்ல வுட்டுடு. கிளறாதே, கொழஞ்சிடும்." அப்படியே செய்து பாருங்கள், உதிர் உதிராக வருகிறது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஆலங்காயத்துக்கு மேலே ஒரு வளைவில் பஸ் திரும்ப, கீழே வாணியம்பாடியும் திருப்பத்தூரும் கொட்டின மத்தாப்பு மாதிரி தெரிந்தன. பின்னால் மலை முழுக்கக் கறுப்பு. அங்கங்கே ஒரு விளக்கு.

மறுநாள் சின்னம்மா சாமைச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் செய்து, பழைய தூக்குப் பாத்திரத்தைத் தேடி எடுத்துக் கழுவினாள். என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மண்டபம் வரை போய், குறுக்கே கடந்து, திரும்பி நடந்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பாத்திரத்தைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். "கொஞ்சம் இரு கண்ணு" என்று உள்ளே போனார். அரை மணி நேரம் ஆயிற்று. சேமியாப் பாயசத்தோடு பாத்திரம் திரும்பி வந்தது, சூடாக.

நான் வாசலுக்கு வந்தபோது அவர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். எதிரே சின்னம்மா முன்பே மாடியில் வந்து நின்றிருந்தாள்.