பாச்சாங் பெண்களின் ஒட்டுப்போர்வை

தீபாவளி முடிந்து தையற்கடைகள் ஓய்ந்திருந்த நேரம். பாச்சாங்கில் குடியிருக்கும் நண்பர் அழைத்தார். தன் வீட்டுக்குப் பின்வரிசையில் சில பெண்கள் சனிக்கிழமைதோறும் கூடி, தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணியில் போர்வை தைப்பதாகவும், அதை முதியோர் இல்லங்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். மலாக்கா வெக்கையில் போர்வை எதற்கு என்று கேட்டேன். "அதை அவங்ககிட்டயே வந்து கேளு" என்றார்.

கேட்டேன். "வார்டுல ஏர்கோன் தம்பி. வயசானவங்களுக்கு மொதல்ல கால்தான் சில்லிடும். கம்பளி குத்தும், வேர்க்கும். இது உடம்போட ஒட்டிக்கும்" என்றார் வீட்டுக்கார அக்கா. அறுபதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டுதான் ஊசியில் நூல் கோக்கிறார்.

கார் நிறுத்தும் இடம்தான் பட்டறை. தரையில் பாய், சுவரோரம் நான்கு சாக்கு. ஜாலான் பெண்டாஹாரா பக்கத்துத் தையற்கடைகளிலிருந்தும், தெரிந்த தையற்காரர்களிடமிருந்தும் வரும் துணி முதலில் தரம் பிரிக்கப்படுகிறது. ரவிக்கைக்கு உள்துணியாகப் போடும் பருத்தி ஒரு சாக்கில், பாத்தேக் சாரோங் துண்டுகள் இன்னொன்றில், அடுத்த வீட்டு மலாய் அம்மாள் கொடுக்கும் பாஜு கூரோங் மிச்சம் மூன்றாவதில். ஜரிகைத் துணி நான்காவது சாக்கோடு நின்றுவிடும். முதியவர்களின் தோல் மெல்லியது, ஜரிகை கீறிவிடும்.

சந்தேகமான துணியில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுகிறார்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி உருண்டையாகக் கட்டினால் பாலியஸ்டர். அது இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் சுருங்கிப் பக்கத்துக் கட்டத்தையும் இழுத்துக்கொண்டு போகும். சிவப்பு பாத்தேக்கைத் தனியே ஊறவைத்துத் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஜா நிறமாகிவிடும்.

வெட்டுவதற்கு அட்டையில் செய்த ஒரே அளவுச் சதுரம். கட்டங்களை இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்கிறார்கள். இந்தக் கால் அங்குலத்தில்தான் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு ஓரத்திலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால்கூட, எட்டுக் கட்டம் தாண்டுவதற்குள் வரிசை ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைந்துவிடும். பக்கத்து வரிசையோடு மூலைகள் சேராது. அப்படிச் சேராத வரிசை ஒன்றை அக்கா என் கண்முன்னே பிரித்துப் போட்டார். தைத்த பெண் முகம் சுருங்கவில்லை. "போன வாரம் நீங்க தைச்சதை நான் பிரிச்சேன்ல, அதுக்குப் பழி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்புக்கு அங்கே குறைவில்லை. ஒரு மயில்கழுத்து நிறத் துண்டு கைக்குக் கை போனது. யார் வீட்டுக் கல்யாண ரவிக்கை, அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், மாமியார் எப்படி என்று அரைமணி நேரம் ஓடியது. துண்டு கடைசியில் போர்வையின் நட்டநடுவில் உட்கார்ந்தது.

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு வைப்பதில்லை. பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போடுகிறார்கள். விளிம்பில் பட்டி கட்டி மூலை மடிக்கும் வித்தை எனக்குப் பிடிபடவில்லை. அதை விட்டுவிட்டு அக்காவின் தையல் மெஷினைப் பற்றிச் சொல்கிறேன்.

கறுப்பு சிங்கர், கால்மிதி மெஷின். பொன்னெழுத்துப் பாதி தேய்ந்துவிட்டது. அக்கா ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1896இல் தான் சே யான் என்ற மலாக்கா வணிகர் புக்கிட் லிந்தாங்கில் இந்த நாட்டின் முதல் வணிகப் பால்மரத் தோட்டத்தைப் போட்டார். அதற்குப் பிறகு விரிந்த மரக்காடுகளில் ஒன்றுதான் அக்கா பிறந்த தோட்டமும். காலையில் பால்வெட்டு, மத்தியானம் கிராணியார் மனைவியிடம் தையல். அம்மா தவணைக்கு எடுத்துக் கொடுத்த மெஷின் இது. "மாசம் பொறந்தா தவணைக்காரர் மோட்டார்ல வந்து லயத்து வாசல்ல நிப்பாரு. அந்த மாசம் மழை பெய்ஞ்சு மரம் வெட்டலைன்னா அம்மா பின்பக்கமாப் போயிடுவாங்க. நான்தான் பதில் சொல்லணும்." தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனபோது லயத்திலிருந்து அவர் கொண்டுவந்த கனமான பொருள் இது ஒன்றுதான்.

பாச்சாங் வந்த பிறகு ஒரு துணிக்கடைக்கு ரவிக்கை தைத்தார். வாடிக்கையாளரிடம் கடை வாங்கிய கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட அவருக்கு வரவில்லை. நூலும் ஊக்கும் அவர் செலவு. அளவு தப்பினால் துணிக்காசும் அவர் தலையில். அட்டையில் கடையின் பெயர்தான் இருக்கும். பத்து வருடம் ஒருவரின் கையால் ஊர் முழுக்க ரவிக்கை போட்டிருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று ஊருக்குத் தெரியாது.

இப்போது போர்வைக்கும் ஆள் வந்துவிட்டார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் கடைக்காரர் ஒருவர் ஒன்றுக்கு அறுபது வெள்ளி தருவதாகக் கேட்டாராம். ஒரு போர்வைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டேன். துவைப்பதிலிருந்து விளிம்பு கட்டுவதுவரை கூட்டினால் முப்பது மணி நேரம் என்றார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 17 காசு. முப்பது மணிக்கு 245 வெள்ளி. சட்டம் சொல்லும் அடிமட்டக் கூலியில் கால்வாசியை நீட்டிவிட்டு, 'கைவினையை வாழவைக்கிறோம்' என்று பேசுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அக்கா தரமாட்டேன் என்று சொன்னதில் வியப்பில்லை. "அறுவது வெள்ளிக்கு வித்தா நான் அறுவது வெள்ளி ஆளு. சும்மா குடுத்தா அதுக்கு யாரும் கணக்குப் போட முடியாதுல்ல?"

கொடுப்பதற்காகத் தைத்த போர்வைகளில் உலகம் அறிந்த சில, நமக்குப் பக்கத்திலேயே பிறந்தவை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வனி என்ற பெண்மணியின் யோசனைப்படி, ஆளுக்கொரு சதுரத் துணியில் பூத்தையல் போட்டுப் பெயரையும் தைத்தார்கள். 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள் உருவாயின. காயம்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லி, ஒன்றை ஜப்பானியர் பெயரிலும் செய்ததால் அனுமதி கிடைத்தது. அடுத்த முகாமில் இருந்த கணவன்மாருக்கு, இன்னார் உயிரோடு இருக்கிறாள் என்ற சேதி அந்தப் பெயர்களில் போனது. அவற்றில் இரண்டு இன்று கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. மூன்றாவது பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

இதை அங்கே சொன்னபோது, "அதே ஜப்பான்காரன் காலத்துல எங்க பாட்டி சாக்கைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டாங்க" என்றார் அக்கா. அந்தக் காலத்தில்தான் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் ரயில்பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. போனவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தத் துணியிலும் தாளிலும் இல்லை. சாங்கிப் பெண்கள் பட்ட துன்பம் குறைந்ததென்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் பெயர் தைத்தார்கள், பெயர் நின்றது.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் கவாந்தியிலும் ஓர் அடையாளம் உண்டு. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போய், கடைசியில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூ வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையாகாது.

பாச்சாங் போர்வையில் பூவும் இல்லை, பெயரும் இல்லை. பின்பக்க மூலையில் சின்னதாக உங்கள் பெயரைத் தைக்கலாமே என்றேன். "பேரைப் போட்டா கோணல் தையலும் என் பேர்லதான நிக்கும்" என்று சிரித்தார் அக்கா. வரிசையைப் பிரிக்கவைத்த அந்தப் பெண் விடவில்லை. பத்து பெராண்டாம் தொழிற்பேட்டையில் வேலை செய்பவள். "எங்க பாக்டரியில சின்னச் சில்லுக்குக்கூட நம்பர் போடுறோம். யார் செஞ்சது, எந்த ஷிப்ட்டுன்னு தெரியணும்ல?" என்றாள். கோணல் தையல் வந்தால் பிரித்துத் தைக்கலாம், பெயரே இல்லாவிட்டால் யாரைக் கேட்பது என்பது அவள் வாதம்.

முடிவு அன்று ஏற்படவில்லை. நான் அவள் கட்சி. கூலி வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு உரிமை உண்டு. பெயரையும் சேர்த்துத் தானம் கொடுத்துவிட்டால், நாளைக்கு அந்தப் போர்வையைப் பார்த்து 'யாரோ தைத்தது' என்றுதான் சொல்வார்கள். ரவிக்கைக் கடைக்காரர் செய்ததும் அதைத்தான்.