நடக்கவா, விளையாடவா?

அலைச்சறுக்கு, பனிச்சறுக்கு எல்லாம் நமக்கு டிவியில் பார்ப்பதோடு சரி. அதிலும் எனக்குச் சாகசத்தை விடச் சாமான்கள்தான் பிடிக்கும். யார் பலகையில் எதை மாட்டியிருக்கிறார்கள் என்று உற்றுப் பார்ப்பேன். மெக்கானிக்கல் படிக்கிறவன் வேறு எதைப் பார்ப்பான்? :-)

முதலில் பெத்தனி ஹாமில்டன். ஹவாயில், கவாய் தீவுக்காரர். 2003 அக்டோபர் 31 அன்று, 13 வயதில், சுறா கடித்து இடது கையைத் தோளை ஒட்டி இழந்தார். ஒரு மாதம் ஆவதற்குள் மறுபடி கடலில் இறங்கிவிட்டார். அவருடைய தைரியத்தைப் பற்றி 2011-ல் சினிமாவே வந்தது. நான் சொல்ல வந்தது அவர் பலகையில் இருந்த கைப்பிடி பற்றி. உள்ளே போகும்போது எதிரே அலை உடைந்து வரும். பலகையின் மூக்கை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அமுக்கி, அலைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வர வேண்டும். ஒரே கையால் ஓரத்தைப் பிடித்து அமுக்கினால் பலகை சாயும். நடுவில் பிடி இருந்தால் சாயாது. கூடவே கொஞ்சம் நீளமான, கொஞ்சம் தடிமனான பலகை. நன்றாக மிதக்கும், ஒற்றைக் கையால் தள்ளிப் போக சுலபம். அவ்வளவுதான் மாற்றம்!

அடுத்தவர் அமெரிக்காவின் மைக் ஷுல்ட்ஸ். 2008-ல் ஸ்னோமொபைல் பந்தயத்தில் விபத்து. இடது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. சாதாரண செயற்கை முழங்கால் நடப்பதற்காகச் செய்தது. பனிப்பலகையில் நிற்பவரோ முழங்காலை மடக்கியபடியே எடையைத் தாங்கி, மேடு பள்ளத்துக்குத் தக்கபடி தாழ்ந்து எழ வேண்டும். மனிதர் மலைச் சைக்கிளில் வரும் காற்று ஷாக் அப்சார்பரை வைத்துத் தானே ஒரு முழங்கால் செய்துகொண்டார். காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் விறைப்பு மாறும். 2010-ல் அதற்கென்று கம்பெனியும் தொடங்கினார். 2018 பியோங்சாங் பாராலிம்பிக்கில் அவருக்கு ஒரு தங்கம், ஒரு வெள்ளி. அவரோடு போட்டியிட்டவர்களிலும் சிலர் அவர் செய்த கால்களை மாட்டிக்கொண்டுதான் வந்தார்கள். எதிராளிக்கும் கால் செய்து கொடுத்து, அவனோடு மோதுவது! எனக்கு அந்தத் தங்கத்தை விட இது பெரிதாகப் படுகிறது.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், என் வலது கால் இடது காலை விட இரண்டு சென்டிமீட்டர் கட்டை. கூடப் படிக்கிறவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பள்ளியில் பி.டி. பீரியட் என்றால், "நீ ஓரமா உக்காந்து ஸ்கோர் எழுதுடா" என்பார்கள். ஏழு வருடம் எழுதினேன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் யாரும் காலணியைப் பார்க்கவும் இல்லை.

கல்லூரி சேர்ந்தபோது, பஸ் ஸ்டாண்ட் ஓரம் செருப்பு தைக்கும் பெரியவரிடம் ஷூவுக்கு அடியில் ரப்பர் ஒட்டக் கொடுத்தேன். "தம்பி, நடக்கவா, விளையாடவா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "விளையாடறதுன்னா முன்னாடி சரிவா சீவணும்பா, அப்பதான் விரல் மடங்கும்" என்றார்.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். இப்போது ஹாஸ்டல் கிரவுண்டில் விக்கெட் கீப்பர் நான். ஸ்கோர் எழுத வேறு ஆள் தேடிக்கொள்ளுங்கள் மக்களே!