ஆறு என்பது வழி

தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. ஓடும் நீரும் ஆறு; நடக்கும் வழியும் ஆறு; ஒன்றைச் செய்யும் முறையும் ஆறு. முப்பதாண்டுகளுக்கு மேல் ஈப்போ வட்டாரத்துப் பள்ளிகளில் தமிழாசிரியனாக இருந்த நான், இதனைக் கரும்பலகையில் எழுதி விளக்கிய நாள்கள் எண்ணற்றவை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையின என்றும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்குத் தான் வந்த வழியை எடுத்துரைப்பதே பொதுவாக அதன் அமைப்பு என்றும் ஆண்டுதோறும் சொல்லி வந்தேன்.

ஒருமுறை மாணவன் ஒருவன் தேர்வுத் தாளில், ஆற்றைக் கடந்து போருக்குச் செல்லும் படையே ஆற்றுப்படை என்று எழுதியிருந்தான். அதனை வகுப்பில் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் என் மேசையருகே வந்து, "ஐயா, நீங்கள் யாருக்காவது அப்படி வழி சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்டானா, அறியும் விருப்பத்தால் கேட்டானா, அறியேன். "மணி அடித்துவிட்டது, போ" என்று அனுப்பிவிட்டேன். அவன் சென்றான், அவன் கேட்ட வினா மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். என் அன்னை 31 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவள். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கும் கையில் உளியுமாகத் தன் நிரைக்குள் நுழைவாள். ஏறத்தாழ 500 மரங்கள். அந்த நிரையை அவள் ஒவ்வொரு நாளும் இருமுறை நடந்தாக வேண்டும்: கோடு போடுவதற்கு ஒருமுறை, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்ப்பதற்கு மறுமுறை. பிறகு காண்டாவில் இரு வாளிகளையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து பால் கொட்டகைக்கு நடப்பாள். நடப்பதே அவளுடைய தொழில். அப்படிப்பட்டவள் ஓய்வு நாளிலும் எங்களை அழைத்துக்கொண்டு நடக்கத்தான் புறப்படுவாள் என்பது இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பின்புறமாக இறங்கி, அல்லூரைத் தாண்டி, மாரியம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓர் ஒற்றையடிப் பாதை சென்றது. ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் அந்தப் பாதை செம்பழுப்பு நிறத்தில் சரசரக்கும். விதை முற்றிய காலத்தில் காய்கள் படீரென்று வெடித்து விதைகள் எங்கள் தலைமேல் விழும். எந்த வேரில் கால் இடறும், எந்தப் புதருக்குள் கைவிடக் கூடாது, கரையோரத்தில் எந்தப் பெரணிக் கொழுந்து கறிக்காகும் என்பனவெல்லாம் அவளுக்குப் பாடம். ஆற்றில் இறங்குமுன் நீரைச் சற்று நேரம் பார்ப்பாள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கிச் சருகும் குச்சியும் மிதந்து வந்தால், "மேல மழை பேஞ்சிருக்கு. கரை ஏறுங்க ஐயா" என்பாள். வானம் எங்களுக்கு மேலே வெளுத்துக் கிடக்கும். ஆனால் அவள் சொல் ஒருநாளும் பொய்த்ததில்லை.

அவளுடைய இளமையில் அந்தப் பாதை அடைபட்டுக் கிடந்ததாம். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பியர் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, சோறு வெளியே போகாதபடி சோதனை. காட்டோரம் நடமாடுவோர் ஐயத்துக்குரியவர். "ஆறு சத்தம் காதுல விழும், போய்ப் பாக்க முடியாது" என்று ஒருமுறை சொன்னாள். வேலி எடுபட்ட பிறகு அவள் அந்தக் கரைக்கு ஏன் அத்தனை ஆவலோடு நடந்தாள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

பின்னர் தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து மக்கள் சிதறினர். அன்னையை ஈப்போவில் என் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். நான்காம் மாடியின் சன்னலருகே அமர்ந்து, "ஒருநாள் நம்ம ஆத்துக்குக் கூட்டிப் போ ஐயா" என்று கேட்பாள். பள்ளி விடுமுறையில் போகலாம் என்பேன். விடுமுறைகள் வந்தன, கூட்டங்களும் திருத்த வேண்டிய தாள்களும் உடன் வந்தன. 2011ஆம் ஆண்டு அவள் மறைந்தாள். அரைமணி நேரக் கார்ப் பயணத்தை ஓர் அன்னைக்குக் கொடுக்க முடியாதவனாக நான் இருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தில் பணியாற்றும் மகளைக் காணச் சென்றேன். ஒரு காலைப்பொழுதில் ரிச்மண்டிலிருந்து கியூ வரை தேம்ஸ் ஆற்றங்கரையோடு என்னை நடக்க அழைத்துச் சென்றாள். மேடு பள்ளமற்ற மண்பாதை. ஒருபுறம் ஆறு, மறுபுறம் மரச்செறிவு. முதியோர், குழந்தைகள், நாயோடு வருவோர் எல்லாரும் எவ்வித அச்சமுமின்றி நடந்தனர். இது யாருக்காகப் போட்ட பாதை என்று கேட்டேன். படகிழுப்போர் நடந்த பாதை என்றாள் மகள். சரக்குப் படகுகளில் கட்டிய கயிற்றை ஆள்களும் குதிரைகளும் கரையிலிருந்து இழுத்துச் சென்ற காலத்தில் தேய்ந்த தடம் அது. அந்தத் தொழில் மறைந்தது, தடத்தை மறையவிடவில்லை. ஆற்றின் தலைப்பிலிருந்து இலண்டன் வரை 184 மைல் நீளும் பாதையாக அதனை இணைத்து 1996இல் திறந்து வைத்தனர்.

அந்நாட்டுச் சட்டம் ஒன்றையும் அவள் விளக்கினாள். ஒரு வழியில் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு நடந்து வந்திருந்தால், நிலத்துக்குரியவர் அதற்கு உடன்படவில்லை என்பதற்குச் சான்று இல்லாதவரை, அது பொதுவழியாகிவிடும். வயலின் நடுவே சென்றாலும் உழவர் அதனை அடைத்தல் கூடாது. இந்த உரிமைகள் தாமாகக் கனிந்தவை அல்ல. 1932ஆம் ஆண்டு ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தில் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் தடையை மீறி நடந்தனர்; ஐவர் சிறை சென்றனர். நாட்டுப்புறத்தில் மக்கள் நடமாட வழிசெய்யும் சட்டம் 1949இல் வந்தது.

சற்றுத் தொலைவில் கியூ தாவரத் தோட்டத்தின் மதில் தென்பட்டது. அங்கே என் கால்கள் நின்றுவிட்டன. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் விதைக்கப்பட்டது இந்த மதிலுக்குள்தான். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவற்றுள் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவ்வாண்டே சில கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் ஹியூ லோ என்னும் ஆங்கில அதிகாரியால் நடப்பட்டன. அந்தக் கன்றுகளின் வழியே அல்லவா என் பாட்டன் கப்பலேறினான்? என் அன்னை 31 ஆண்டுகள் இருளில் நடந்தாள்? இங்கே படகிழுத்தவனின் தடத்துக்கு வழிகாட்டிப் பலகை நிற்கிறது. அங்கே பால் சுமந்தவளின் தடம் எந்த வரைபடத்திலும் இல்லை.

இதற்கு ஆங்கிலேயரை மட்டும் குறை கூறி ஆறுதல் அடைய என்னால் இயலவில்லை. அந்தப் பாதையை அறிந்தவன் நான். அதை யாருக்கும் காட்டாதவனும் நானே. மாணவனின் வினா தேம்ஸ் கரையில் மீண்டும் என்முன் வந்து நின்றது.

ஊர் திரும்பிய மாதமே பேத்தியை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குச் சென்றேன். பழைய வாசலில் இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. லயம் இருந்த இடத்தில் செம்பனை. திசையே பிடிபடவில்லை. சாலையோரக் கடையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "நீ யாரு மவன் தம்பி?" என்றார். அன்னையின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "கோயில் பக்கமா எறங்கிப் போ. அந்த மாமரம் இன்னும் நிக்குது. அதுக்கு வலது கைப் பக்கம் அல்லூர். அதைப் புடிச்சுக்கிட்டே போனா ஆறு வந்துரும்" என்றார். முப்பதாண்டுகள் நான் நடத்திய பாடத்தை அந்த அம்மையார் நான்கு வரியில் நடத்திவிட்டார்.

கோயில் இருந்தது, மாமரமும் இருந்தது. பாதை பெரும்பகுதி புதருள் மறைந்திருந்தாலும், கால் அதனை அறிந்துகொண்டது. கரையில் நின்று, இறங்குமுன் நீரைப் பார்க்க வேண்டும் என்று பேத்தியிடம் சொன்னேன். "என்ன பார்க்கணும் தாத்தா?" என்றாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி சொன்னதை அவளுக்குச் சொன்னேன்.

அந்த மாணவனுக்கு நான் விடுத்த விடை இன்றுவரை கடனாகவே உள்ளது. அதனால் நான் அறிந்த எளிய வழிகள் சிலவற்றை இங்கே கூறுகிறேன். ஈப்போவில் 1917இல் கட்டி முடிந்த புகைவண்டி நிலையத்தின் முன் ஈப்போ மரம் நிற்கிறது. ஊருக்குப் பெயர் தந்த மரம். அதன் நச்சுப்பாலைப் பூர்வகுடி மக்கள் அம்பு முனையில் தோய்த்தனர். அங்கிருந்து 1909ஆம் ஆண்டு மணிக்கூண்டைக் கடந்து கிழக்கே நடந்தால் பழைய நகரையும் புதிய நகரையும் பிரிக்கும் கிந்தா ஆறு. கோலகங்சாரில் பேராக் ஆற்றங்கரையில் உலாவிவிட்டு, மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் அந்தப் பழைய ரப்பர் மரத்தைத் தொட்டுப் பாருங்கள். பத்து காஜா அருகே ராயா ஆற்றோரம் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் முற்றுப்பெறாத மாளிகை இருக்கிறது. சிறிது தொலைவில், அவருடைய தமிழ்த் தொழிலாளர் வழிபட்ட மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. மாளிகையோடு திரும்பிவிடுவோர் பலர்; கோயில்வரை நடந்து செல்லுங்கள். காட்டு நிழல் வேண்டுவோர் மெங்லெம்புவின் கிளேடாங் மலைச் சாலையில் காலையில் ஏறலாம்.

ஆசிரிய நண்பர்களே, இவற்றினும் சிறந்த வழிகள் உங்கள் மாணவர்களின் பாட்டிமாரிடம் இருக்கின்றன. அவர்கள் சன்னலருகே அமர்ந்திருக்கிறார்கள். விடுமுறைக்குக் காத்திராமல் அழைத்துச் செல்லுங்கள்; மாணவரும் உடன் நடக்கட்டும். ஆற்றுப்படைக்குப் பொருள் கூறும் நாளில் அந்த மாணவர் பிழையாக எழுதமாட்டார்.