எதிர்ச்சுவர் ஓவியம்

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்துள் நுழையும் பயணியர் பெரும்பாலோர் முதலில் நாடுவது மோனா லிசாவையே. கண்ணாடிக்குப் பின்னுள்ள அவ்வோவியம் 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமுமே உடையது. நெரிசலில் முன்னேறிய பயணி கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கிறார். சிலரோ ஓவியத்துக்கே முதுகைக் காட்டித் தம்மைப் படம் பிடித்துக்கொள்கின்றனர். காண்பதற்கென்றே கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள்!

இப்புகழில் ஒரு திருட்டுக்கும் பங்குண்டு. 1911 ஆகஸ்டில், அங்கு முன்னர்ப் பணிபுரிந்த பெருஜியா என்னும் இத்தாலியர் அதனைக் கவர்ந்து சென்றார். வெற்றுச்சுவரைக் காணவும் மக்கள் திரண்டனர். 1913இல் பிடிபட்டபோது, நெப்போலியன் கொள்ளையிட்டதைத் தாய்நாட்டுக்கு மீட்கவே எடுத்ததாக அவர் கூறினார். உண்மையில் அதனைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர், அதை வரைந்த லியொனார்டோ டா வின்சியே.

நெப்போலியனின் படை கவர்ந்துவந்த ஓவியம் அதே கூடத்தின் எதிர்ச்சுவரில் உள்ளது. வெனிஸ் நகரத் துறவியர் மடமொன்றின் உணவுக்கூடத்துக்காக வெரோனிசே 1563இல் வரைந்து முடித்த 'கானா ஊர்த் திருமணம்' அது. அகலம் ஏறத்தாழ 10 மீட்டர். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட மாந்தர். 1797இல் அதனைத் துண்டுகளாக்கிப் பாரிசுக்குக் கொண்டுவந்தனர். நெப்போலியன் வீழ்ந்தபின், கவர்ந்த கலைப்பொருள்கள் பல உரிய இடம் திரும்பின. இதற்கு ஈடாக மட்டும் வேறோர் ஓவியத்தை வெனிசுக்கு அனுப்பினர். மடத்தின் சுவருக்கென அளந்து வரைந்ததற்கு அது எங்ஙனம் ஈடாகும்?

திரும்பிப் பார்க்கும் பயணி, விருந்து மேசையின் நடுவே அமர்ந்த இயேசுவையும் அவர்முன் இசைக்கும் கலைஞரையும் நெரிசலின்றிக் காணலாம்.