இரண்டே இரண்டு உருப்படி

ஒரு இரும்புப் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதை எந்த முறையில் செய்தார்கள் என்பதை அதன் உருவமே சொல்லிவிடும். மூலைகள் உருண்டு, பக்கங்கள் லேசாகச் சரிந்து, நடுவில் மெல்லிய கோடு ஒன்று ஓடினால் அது வார்ப்பு. மணல் அச்சை உடைக்காமல் மரப் பேட்டர்ன் வெளியே வர வேண்டுமே, அதற்காகக் கொடுத்த சரிவு அது. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம்தான் அந்தக் கோடு. எங்கு தொட்டாலும் ஒரே கனம், மடிப்பில் சின்ன வளைவு என்றால் தகட்டை வெட்டி மடக்கியது. உள்மூலைகள் எல்லாம் ஒரே ஆரத்தில் இருந்தால் மில்லிங் கட்டர் போன தடம். 6 மில்லிமீட்டர் கட்டர் மூலையில் 3 மில்லிமீட்டர் ஆரத்தை விட்டுவிட்டுத்தான் திரும்பும்.

திருவெறும்பூரில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் டிராயிங்கோடு வருவதில்லை. உடைந்ததை வேஸ்ட் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "அண்ணே, அச்சு அசலா இதே மாதிரி ரெண்டு வேணும்" என்பார்கள். ஆனால் அந்த உருவத்தில் பாதி, பாகத்தின் வேலைக்காக வந்தது இல்லை. முதலில் செய்த கம்பெனி ஆயிரக்கணக்கில் செய்வதற்காக எடுத்துக்கொண்ட முறைக்காக வந்தது. இரண்டே செய்யப்போகிற எனக்கு அந்த முறை கட்டாது. முறை மாறினால் உருவமும் மாறியாக வேண்டும். எந்தப் பாதியை விட்டுவிடலாம் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

அப்படி வந்த ஒரு லீவரை வைத்துச் சொல்கிறேன். பழைய பேக்கிங் மெஷின் ஒன்றின் பாகம், வார்ப்பிரும்பு. ஒரு முனையில் தண்டு நுழையும் 20 மில்லிமீட்டர் துளை, மறுமுனையில் கவட்டை, அதில் பின் போகும் துளை, இரண்டையும் சேர்க்கும் வளைந்த கை. கை வந்து துளையோடு சேருகிற இடத்தில் முறிந்திருந்தது.

எந்த மெஷினில் போடலாம் என்று நான் முதலில் யோசிப்பதில்லை. மார்க்கரை எடுத்து, இந்தப் பாகம் வேறு எதையெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம் கோடு போடுவேன். லீவரில் மூன்று இடம் தேறியது: தண்டுத் துளை, கவட்டையின் உள்முகங்கள், பின் துளை. தண்டுத் துளைக்கு எச்7 பொருத்தம் வேண்டும். அதாவது 20.000-க்குக் குறையாமல், 20.021-ஐத் தாண்டாமல். இரண்டு துளைகளும் ஒன்றுக்கொன்று இணையாக, 140 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். மீதி உடம்பு எதையும் தொடுவதில்லை. அதன் அளவு ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் மெஷினுக்குத் தெரியாது. கை ஏன் வளைந்திருக்கிறது என்பதை மட்டும் மெஷினைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு போல்ட் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டால் போதும், அழகான வளைவு தேவையில்லை.

இன்னொன்றையும் கேட்காமல் நான் விலை சொல்வதில்லை: இது உடைய வேண்டும் என்றே வைத்த பாகமா? சில மெஷின்களில் லோடு மீறினால் முதலில் முறியட்டும் என்று ஒரு மலிவான பாகத்தை வைத்திருப்பார்கள். அதை உறுதியான இரும்பில் செய்து கொடுத்தால் அடுத்த முறை கியர்பாக்ஸ் போகும். இந்த லீவர் அந்த வகை இல்லை. பல வருடம் அசைந்து அசைந்து களைத்துப்போய் முறிந்தது.

"இதையே ஒட்டவைத்து, மணலில் அமுக்கி வார்த்துவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும், எஃகு சுமார் 2 சதவீதம். பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வது அதனால்தான். பழைய பாகத்தையே பேட்டர்னாக வைத்தால் 140 என்பது ஒன்றரை மில்லிமீட்டர் வரை குறைந்துபோகும். கடைந்து எடுக்க வேண்டிய சதையும் இருக்காது. முறையாகப் பேட்டர்ன் செய்து கோயம்புத்தூர் ஃபவுண்டரிக்கு அனுப்பலாம். அந்தச் செலவு முழுவதும் இரண்டு உருப்படியின் தலையில் ஏறும். சுவாமிமலை ஸ்தபதிகள் ஒரே ஒரு சிலைக்காக மெழுகு பிடித்து, மண் பூசி, உருக்கி ஊற்றி, அச்சை உடைக்கிறார்கள். அங்கே அது நியாயம். சிலையில் விரல் நுனி வரை ஒவ்வொரு இடமும் முக்கியம். என் லீவரில் முக்கியம் மூன்றே இடம்.

முழுக் கட்டியிலிருந்து குடைந்து எடுக்கலாமா? 180-க்கு 60-க்கு 40 என்று கட்டி வாங்கினால் கிட்டத்தட்ட 3.4 கிலோ. முடிந்த லீவர் ஒரு கிலோகூட வராது. மீதி சீவலாகப் போகும். உள்ளங்கையில் அடங்குகிற பாகம் என்றால் நானே தயங்காமல் விஎம்சி என்கிற கணினி மில்லிங் மெஷினில் போடுவேன். அங்கே இரும்பின் விலையைவிட மெஷின் ஓடும் நேரம்தான் கணக்கு. நீண்டு மெலிந்து போகிற பாகத்தில் அந்தக் கணக்கு நிற்காது, பாதிச் சதையை எடுத்ததும் கட்டி முறுக்கிக்கொள்ளவும் செய்யும். உலோக 3டி பிரிண்டிங் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். அதில் வருகிற துளையையும் எச்7-க்குக் கொண்டுவர, கடைசியில் என் போரிங் டூல்தான் வேண்டும்.

மிஞ்சியது வெல்டிங். கோயம்புத்தூரில் இதே லீவரைக் காட்டினால் வார்க்கலாம் என்பார்கள். எங்கள் ஊரில் வெல்டிங் பண்ணிடலாம் என்ற பதில்தான் முதலில் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1965-இல் இங்கே பாய்லர் பிளான்ட் வந்தது, 1975-இல் அதோடு சேர்ந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. பிளான்ட்டை நம்பித் துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் பட்டறைகள் பெருகின. எக்ஸ்ரேயில் தேறும்படி குழாய் ஒட்டிப் பழகிய கை இங்கே பக்கத்துத் தெருவில் கிடைக்கும். ஊரில் என்ன கை இருக்கிறது என்பதையும் முறையைத் தேர்வதில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழக்கமில்லாத கையில் கொடுத்த உயர்ந்த முறையைவிட, பழகிய கையில் கொடுத்த சாதாரண முறை நன்றாக வரும்.

வெல்டிங் என்று முடிவானதும் பழைய உருவத்தை விட்டுவிட வேண்டும். ஒரு காலத்தில் பாய்லர் டிரம்மை ரிவெட் அடித்துத்தான் சேர்த்தார்கள். அதற்காகத் தகட்டின்மேல் தகடு ஏறி உட்கார்ந்தது. வெல்டிங் வந்ததும் அந்த ஏற்றமும் போய்விட்டது. அதேபோல் லீவரின் சரிவு, உருண்ட விளிம்பு, நடு விலா எல்லாம் போகட்டும். கைக்கு 12 மில்லிமீட்டர் தகடு, போல்ட்டுக்கு வழிவிட்டு நேர்க்கோடுகளாக லேசரில் வெட்டியது. தண்டுப் பக்கம், துளையைச் சுற்றி நிற்கும் தடித்த உருளையான பாஸ், ரவுண்ட் பாரிலிருந்து கடைந்தது. கவட்டைக்கு இரண்டு தகடு. எல்லாம் ஐஎஸ் 2062 மைல்டு ஸ்டீல். கையிருப்பில் இஎன் 8 துண்டு இருந்தாலும் தொடமாட்டேன். அதில் கார்பன் 0.4 சதவீதம் அளவுக்கு இருக்கும்; முன்சூடு கொடுக்காமல் ஒட்டினால் வெல்டின் ஓரத்திலேயே கிராக் விடும்.

வரிசைதான் மிக முக்கியம். பாஸின் துளையை 18-இல் நிறுத்தி, ஒட்டி, நன்றாக ஆறவிட்டு, அதன் பிறகே மில்லிங்கில் ஒரே செட்டிங்கில் இரண்டு துளைகளையும் கவட்டை முகங்களையும் முடிக்க வேண்டும். முதலிலேயே 20-க்கு முடித்துவிட்டு ஒட்டினால், வெல்டு இழுக்கிற இழுப்பில் துளை முட்டையாகும், இணையும் போகும்.

இதே கணக்கைப் பெரிய அளவில் பொன்மலை ரயில்வே பணிமனையில் பார்க்கலாம். ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1914 முதல் செய்தவை. அதே வகையில் புதிய எஞ்சின்களைப் பொன்மலையிலேயே கட்டினார்கள். தண்டவாளத்தின் நடுவே ஓடும் பல்வரிசையோடு சேரவேண்டிய பற்சக்கரத்தில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் புதியவற்றில் சிலவற்றில் நிலக்கரி இருந்த இடத்தில் எண்ணெய் வந்தது. தொடுகிற இடம் அப்படியே நிற்க, தொடாத இடம் காலத்துக்கு ஏற்ப மாறியது.

லீவர் கொண்டுவந்தவர் புதிதைப் பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்து, "ஆளே மாறிப்போச்சேண்ணே" என்றார். மாட்டிப் பாருங்க தம்பி என்றேன். மாட்டினார், ஓடுகிறது. அவரே 200 கேட்டிருந்தால் இந்த உருவத்தைக் கொடுத்திருக்க மாட்டேன். பேட்டர்ன் செலவு 200-இல் கரைந்துவிடும், எளிதில் உடையாத வார்ப்பிரும்பான எஸ்ஜி அயர்னில் வார்த்து, துளைகளுக்கு ஒரு ஃபிக்ஸர் போட்டிருப்பேன். சரிவும் உருண்ட மூலையும் திரும்ப வந்திருக்கும். டிராயிங்கில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்: "வெல்டிங் வடிவம். 50-க்கு மேல் என்றால் முதலிலிருந்து யோசிக்கவும்."