இடையில் விழும் பொறுப்பு

2015 அக்டோபரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரே பேச்சுதான். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிறுநீரக வார்டில் நோயாளிகளுக்கு ஹெப்படைடிஸ் சி கிருமி தொற்றிய செய்தி அம்மாதம் 6ஆம் தேதி வெளிவந்தது. அம்மா அப்போது வேறோர் இடத்தில் வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொண்டிருந்தார். அந்த வார்டுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் நான்கு மணி நேரம் குழாயோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது யாருக்கோ நடந்த கதையாகத் தோன்றுமா?

“அமைச்சர்தான் பதில் சொல்லணும். நாம ஓட்டுப் போட்டது அவங்களுக்குத்தானே” என்றார் அப்பா.

“ஏங்க, அவரா வார்டுல நிக்கிறாரு? ஆஸ்பத்திரியை நடத்துறவங்களைக் கேளுங்க” என்றார் அம்மா.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நம் பொது மருத்துவமனைகளை அமைச்சு நேரடியாக நடத்துவதில்லை. 1980களிலிருந்து அவை ஒவ்வொன்றாக அரசாங்கத்துக்குச் சொந்தமான நிறுவனங்களாக மாற்றப்பட்டன. தலைமை நிர்வாகி, இயக்குநர் சபை, சுகாதாரக் குழுமம், அதற்கும் மேலே சுகாதார அமைச்சு என்று படிகள் இருக்கின்றன. அன்றாட வேலை நிர்வாகிகள் கையில். கொள்கை, நிதி, கண்காணிப்பு அமைச்சர் கையில். ஒவ்வோர் ஊசிக்கும் அமைச்சர் பதவி விலகவேண்டும் என்பது நடக்காத காரியம். அதேபோல், நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்லும் இடம் நிர்வாகிக்கு இல்லை, அது அமைச்சருடையது.

இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று மற்ற நாடுகளும் திணறுகின்றன. இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரச் சேவையின் அன்றாட நிர்வாகத்தை அமைச்சரிடமிருந்து சற்றுத் தள்ளி வைக்க, 2013இல் ஒரு தனி அமைப்பிடம் அதை ஒப்படைத்தார்கள். அந்த அமைப்பைக் கலைத்து, பொறுப்பை மீண்டும் அமைச்சின்கீழ் கொண்டுவரப் போவதாக 2025 மார்ச்சில் பிரதமர் கியர் ஸ்டார்மர் அறிவித்தார்.

நம் ஊர்ச் சம்பவத்துக்கு வருவோம். மொத்தம் 25 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. ஏழு பேரின் மரணத்துக்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மருத்துவமனையில் ஆண்டின் நடுப்பகுதியிலேயே தொற்று அதிகரிப்பது கவனிக்கப்பட்டது. அமைச்சருக்குத் தகவல் போனது செப்டம்பர் 18ஆம் தேதி. வேண்டுமென்றே யாரும் தாமதப்படுத்தியதற்கு ஆதாரமில்லை என்று சுயேச்சை மறுஆய்வுக் குழு டிசம்பரில் சொன்னது. வார்டில் தொற்றுத் தடுப்பு நடைமுறைகளில் குறைகள் இருந்ததையும் அது சுட்டிக்காட்டியது. என்னை உலுக்கியது அதன் இன்னொரு கண்டுபிடிப்பு: மருத்துவமனைக்குள் இப்படி வழக்கத்துக்கு மாறான தொற்று பரவினால் அதைக் கையாளும் தெளிவான பொறுப்பு, அமைச்சில் எந்த ஒரு பிரிவிடமும் இருக்கவில்லை.

துவாஸில் ஒரு கிடங்கில் ஷிப்ட் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். பெட்டிகள் காணாமற்போவது பெரும்பாலும் இரவு ஷிப்ட் முடிந்து பகல் ஷிப்ட் தொடங்கும் அரை மணி நேரத்தில்தான். யாரும் திருடுவதில்லை. அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் நினைப்பதுதான் காரணம். அந்த இடைவெளியை அடைப்பது பெட்டி தூக்குபவரின் வேலையல்ல, என் வேலை. இடைவெளி எங்கே என்பது மேலே நிற்பவருக்குத்தானே தெரியும்?

2016 மார்ச்சில் மருத்துவமனையின் மூத்த பொறுப்பில் இருந்த 12 பேர்மீதும் அமைச்சின் அதிகாரிகள் நால்வர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. எச்சரிக்கை, அபராதம் என்று தண்டனைகள். பெயர்கள் வெளியிடப்படவில்லை. அப்பாவுக்கு அதில் கோபம். எனக்கு அவ்வளவாக இல்லை. பெயர் நாளிதழில் வந்துவிடும் என்று அஞ்சுகிற தாதி, அடுத்த முறை சந்தேகம் வந்தால் வாய் திறப்பாரா? ஆனால் எந்தப் பதவியில் இருந்தவர் எந்தக் கடமையைத் தவறவிட்டார் என்பதையாவது மக்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஆட்களைக் காப்பது வேறு, பாடத்தை மறைப்பது வேறு.

என் கணக்கு இதுதான். வார்டில் கை கழுவுவது முதல் ஊசி மருந்து தயாரிப்பது வரை சரியாக நடப்பதற்கு நிர்வாகி பொறுப்பு. கீழே நடக்கும் தவறு தாமதமின்றி மேலே வந்துசேரும் வழி இருப்பதற்கு அமைச்சர் பொறுப்பு. “எனக்குத் தெரியாது” என்பது நிர்வாகியின் விளக்கமாக இருக்கலாம். அமைச்சர் அதைச் சொன்னால், ஏன் தெரியவில்லை என்பதற்கும் அவரே பதில் சொல்லவேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தொற்றுகளைக் கண்டறிந்து செயல்படும் முறையை வலுப்படுத்த, துணை அமைச்சர் ஒருவர் தலைமையில் பணிக்குழு அமைந்தது. நல்லதுதான். ஆனால் கேட்கும் பழக்கம் நம்மிடமும் வேண்டும். பெற்றோரை மருத்துவமனையில் சேர்க்கும்போது கட்டண விவரத்தைத் துருவித் துருவிக் கேட்கிறோம். கூடவே இதையும் கேட்கலாம்: “ஏதாவது தவறாகப் பட்டால் நான் யாரிடம் சொல்வது? நீங்கள் யாரிடம் சொல்வீர்கள்?” பதில் உடனே வந்தால், அங்கே பொறுப்புக்கு ஆள் இருக்கிறது. தயங்கினால், அந்தத் தயக்கத்தைத் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் எடுத்துச் சொல்லலாம். அது மேலே போய்ச் சேரவேண்டிய தகவல்.