டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது

போடிநாயக்கனூரில் பழைய ஜீப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஏலத்தோட்டத்துக்கு ஆட்களையும் உரமூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் போய்வர வேண்டும். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது என்ஜின் காப்பாற்றும், இறங்கும்போது பிரேக்தான் காப்பாற்ற வேண்டும். அந்தப் பாதையில் ஓடிய ஜீப் ஒன்றை வாங்கப்போவதாக நண்பர் சொன்னதால் கூடப் போனேன்.

உயரமான பானெட் வைத்த மகிந்திரா சி.ஜே. 3பி. வில்லிஸ் நிறுவனம் 1953-இல் அமெரிக்காவில் கொண்டுவந்த மாடல் இது. உரிமம் வாங்கி மகிந்திரா இங்கே பல ஆண்டுகள் தயாரித்தது. பெயின்ட் புதுசு, சீட் புதுசு. ஓட்டிப் பார்த்தோம். பிரேக்கை மிதித்ததும் வண்டி இடது பக்கம் இழுத்தது.

"அலைன்மென்ட் சார், அரைமணி நேர வேலை" என்றார் விற்பவர். நண்பர் தலையாட்டிவிட்டார். எனக்கு ஒப்பவில்லை. நேராக ஓடுகிற வண்டி பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரம்மைத்தான். ஜீப் வேலையே பார்க்கும் பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். விற்பவரும் வேண்டாவெறுப்பாகக் கூட வந்தார்.

மெக்கானிக் அண்ணன் ஜாக்கியைத் தொடவில்லை. முதலில் வீல் நட்டுகளைப் பார்த்தார். வில்லிஸ் காலத்து ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு லெஃப்ட் திரெட். வலமாகச் சுற்றினால்தான் கழலும். முன் இடதில் அது அப்படியே இருந்தது. பின் இடதில் சாதாரண ரைட் திரெட்.

"ஸ்டட்டை மாத்திருக்கணும். இல்லேன்னா ஹப்போட டிரம்மே வேற வண்டியோடதா இருக்கணும். கழட்டுனாத் தெரியும் சார்."

இந்தக் கலப்படத்துக்கு ஜீப்பே இடம் கொடுக்கிறது. ஐந்தரை அங்குல வட்டத்தில் ஐந்து ஸ்டட் என்கிற கணக்கு வில்லிஸில் தொடங்கிப் பின்னால் வந்த பல மகிந்திரா வண்டிகள் வரை மாறவேயில்லை. எந்த வண்டியின் டிரம் வந்தாலும் சக்கரம் மாட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

முன் இடது டிரம் வெளியே வந்தது. ஏர் பிடித்து ஊதாமல் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். பழைய லைனரில் கல்நார் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பல பட்டறைகளில் இந்தப் பொறுமையைப் பார்க்க முடிவதில்லை. உள்ளே 9 அங்குல டிரம், ஒன்றேமுக்கால் அங்குல அகல ஷூ, ஒரு அங்குல வீல் சிலிண்டர். நீளமான லைனர் முன்பக்க ஷூவில், குட்டை லைனர் பின்பக்க ஷூவில். எல்லாம் அசல் முறைப்படி.

முன் வலதுதான் குற்றவாளி. அங்கே நீள லைனர் பின்பக்கமாக இருந்தது. இதை மாட்டியவர் வேலை தெரியாதவர் அல்ல, வேறு வகை பிரேக்கில் பழகியவர். இந்த ஜீப்பில் இரண்டு ஷூக்களும் கீழே தனித்தனி பின்னில் நிற்கின்றன. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது டிரம்மே முன் ஷூவைத் தன்னோடு இழுத்து அழுத்திக்கொள்கிறது. அதிக உழைப்பு அதற்கு என்பதால் நீள லைனரும் அதற்குத்தான். பிந்தைய சர்வோ வகையில் முன் ஷூ கீழே இருக்கும் அட்ஜஸ்டர் வழியாகப் பின் ஷூவைத் தள்ளும். பெரும்பாரம் பின் ஷூவுக்குப் போய்விடுவதால் நீள லைனர் அங்கே இருக்கும். ஒன்றின் வழக்கத்தை இன்னொன்றில் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து வெர்னியரை எடுத்தார். அந்தப் பக்க வீல் சிலிண்டர் முக்கால் அங்குலம். அது பின் சக்கரத்துக்கு உரியது. கால் அங்குலம்தானே என்று நண்பர் கேட்டார். ஆயில் அழுத்தம் வேலை செய்வது பிஸ்டனின் பரப்பில். பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். கணக்குப் போட்டால் 16-க்கு 9. இடது ஷூவைத் தள்ளும் விசையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வலது பக்கத்துக்குக் கிடைத்திருக்கிறது. இடது பக்கம் இழுக்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் முன் வலதின் அசல் சிலிண்டர் எங்கே? புல்லர் போட்டுப் பின் வலது டிரம்மை இழுத்ததும் தெரிந்தது, ஒரு அங்குல சிலிண்டர் அங்கே உட்கார்ந்திருந்தது. யாரோ நான்கையும் ஒன்றாகக் கழற்றி, கழுவி, கைக்கு வந்ததை மாட்டியிருக்கிறார்கள். பின் சக்கரத்தில் பெரிய சிலிண்டர் இருப்பதுதான் ஆபத்தானது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாய்ந்து பின் சக்கரங்கள் லேசாகிவிடும். அந்த நேரத்தில் பின் சக்கரம் ஒன்று லாக் ஆனால் வண்டியின் பின்பக்கம் விலகிச் சுழலும். ஈரமான வளைவில் அதைப் பிடித்து நிறுத்த எந்த டிரைவராலும் முடியாது.

பின் இடதில் ஹப்போடு டிரம்மே வேறு. அளவு 9 அங்குலம்தான், ஆனால் லேத்தில் கடைந்து கடைந்து 70 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடியிருந்தது. 60 தௌவுக்கு மேல் போனால் டிரம்மைத் தூக்கிப் போடுவதுதான் முறை. ஷூவின் வளைவு சிறியது, டிரம் பெரியது. லைனர் நடுவில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்க, இரு முனைகளும் தொடப்படாமல் இருந்தன.

பின் ஆக்ஸில் மேலே இருக்கும் டீ இணைப்பில் வெள்ளை டேப் தெரிந்தது. அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "இது என்ன தண்ணிக் குழாயா சார்?" டீ புதுசு, 10 மி.மீ. மரை. பைப் நட்டு பழைய 3/8 அங்குலம். அதனால் ஆடிக்கொண்டே உள்ளே போயிருக்கிறது. ஆட்டத்தை மறைக்கத்தான் டேப். அழுத்தி மிதிக்கும் ஒருநாள் மரை பிய்த்துக்கொண்டால் ஆயில் முழுவதும் வெளியே. ஒரே சுற்று பிரேக் என்பதால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தே போய்விடும். பரிமாற்றப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் மிச்சம். அது வண்டியை நிறுத்தி வைக்க உதவும், மலை இறக்க உதவாது.

விற்பவர் அதற்குமேல் அலைன்மென்ட் பற்றிப் பேசவில்லை. நான்கு வீல் சிலிண்டர், ஷூ செட், இரண்டு பின் டிரம், பைப், ஹோஸ் எல்லாவற்றுக்கும் ஆகும் தொகையை விலையில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். நண்பர் வண்டியை எடுத்தார், ஆனால் பட்டறையை விட்டு நகர்த்தவில்லை.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் என்ஜின் சத்தத்தையும் அப்புறம் பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன் நான்கு டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள். இரண்டைக் காட்டி மற்றதும் இதே மாதிரிதான் என்று சொன்னால் வண்டியை விட்டுவிடுங்கள்.